ரயில்வே ஓய்வூதியமும் மருத்துவ அட்டையும்: குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியவை

என் அப்பா ரயில்வேயில் கேங்மேனாக, அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளியாக இருந்தவர். பொம்மிடிக்கும் லோக்கூருக்கும் இடையே, சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிச் செல்லும் தண்டவாளத்தில்தான் அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அவர் 2001-இல் ஓய்வு பெற்று, 2010-இல் இறந்தார். அவர் இறந்த மறுவாரம் அம்மாவிடம், "அப்பாவுக்கு ரயில்வேயிலிருந்து என்னென்ன வந்துகொண்டிருந்தது?" என்று கேட்டோம். "பென்ஷன் வரும், ஆஸ்பத்திரியில் மருந்து தருவார்கள்" என்றார் அம்மா. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்களுக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் இருக்கும் சேலம் சூரமங்கலத்தில் தெருவுக்குப் பத்து ரயில்வே குடும்பங்கள் இருந்தாலும், பெரும்பாலான வீடுகளில் இன்றும் இதுதான் நிலைமை என்பதை அதன்பின் பலருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும்போது கண்டிருக்கிறேன். "பென்ஷன் வரும், ஆஸ்பத்திரி உண்டு" என்ற அந்த ஒரு வரிக்குள் வெவ்வேறு விதிகளைக் கொண்ட ஆறேழு உரிமைகள் அடங்கியிருக்கின்றன. அவற்றை ஓய்வு பெறுகிறவர் மட்டுமன்றி, அவருக்குப் பின்னும் வாழப்போகிற குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி: எப்போது வேலைக்குச் சேர்ந்தார்?

ரயில்வே ஊழியர் ஒருவருக்கு எந்த வகை ஓய்வூதியம் கிடைக்கும் என்பதை, அவர் பணியில் சேர்ந்த தேதிதான் தீர்மானிக்கிறது. ரயில்வேயில் ஓய்வூதியத் திட்டம் 1957 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்தவர்களுக்கு நிர்வாகமும் ஊழியரும் சேர்ந்து செலுத்தும் வருங்கால வைப்பு நிதிதான் முதுமைக்கான பாதுகாப்பு. 1957-க்குப் பிறகும் 2004 ஜனவரி 1-க்கு முன்பும் சேர்ந்தவர்கள் 'பழைய பென்ஷன்' என்று நாம் சொல்லும் திட்டத்தில் வருகிறார்கள். இதில் ஊழியர் தன் சம்பளத்திலிருந்து ஓய்வூதியத்துக்கென எதுவும் செலுத்துவதில்லை. வாழ்நாள் முழுவதும் அரசே ஓய்வூதியத்தை வழங்குகிறது.

2004 ஜனவரி 1 அன்றும் அதற்குப் பிறகும் சேர்ந்தவர்களுக்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம், அதாவது எல்லோரும் என்.பி.எஸ். என்று அழைக்கும் திட்டம் பொருந்தும். ஊழியரின் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் பிடிக்கப்படுகிறது; 2019 ஏப்ரல் முதல் அரசு 14 சதவீதம் செலுத்துகிறது. இந்தப் பணம் சந்தையில் முதலீடு செய்யப்படுவதால், 60 வயதில் கையில் இருக்கும் தொகை எவ்வளவு என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. ஓய்வின்போது அதில் 60 சதவீதம் வரை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம்; குறைந்தது 40 சதவீதத்தைக் கொண்டு, மாதந்தோறும் தொகை தரும் ஆண்டுத்தொகைத் திட்டம் ஒன்றை வாங்கியாக வேண்டும்.

இந்த நிச்சயமின்மையைக் குறித்துத் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் போராடியதன் தொடர்ச்சியாக, 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்னும் யு.பி.எஸ். நடைமுறைக்கு வந்தது. இதைத் தேர்ந்தெடுத்தவர் 25 ஆண்டுகள் பணி முடித்திருந்தால், கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதியாகக் கிடைக்கும். 25 ஆண்டுகளுக்குக் குறைவாக இருந்தால் விகிதப்படி குறையும். குறைந்தது 10 ஆண்டு பணி இருந்தால் மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இத்திட்டத்தில் ஊழியருக்குப் பின் கணவன் அல்லது மனைவிக்கு மட்டுமே அந்தத் தொகையில் 60 சதவீதம் தொடரும். பழைய திட்டத்தில் துணைவருக்குப் பின் தகுதியுள்ள பிள்ளைகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் செல்வதைப் போல இங்கே செல்வதில்லை. வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருப்பவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

என்.பி.எஸ். ஊழியர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டால் குடும்பத்துக்குப் பழைய விதிகளின்படி குடும்ப ஓய்வூதியம் வேண்டுமா, அல்லது சேர்ந்திருக்கும் நிதியிலிருந்து பலன் வேண்டுமா என்பதை அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் விருப்பப் படிவம் ஒன்று உண்டு. இளம் டிராக்மேன்கள் பலர் இதைப் பார்த்ததுகூட இல்லை. தண்டவாளத்தில் நிற்கிற வேலையில் இருப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாத படிவம் இது.

ஓய்வு பெறும் நாளில் கைக்கு வருவது

60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஊழியர் ஓய்வு பெறுகிறார். ஒன்றாம் தேதி பிறந்தவர் மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுவார். கணக்கு எளிதாக இருப்பதற்காக, பழைய திட்டத்தில் உள்ள ஒருவரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய், அகவிலைப்படி 50 சதவீதம், பணிக்காலம் 33 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை மாறுவதால், படிப்பவர்கள் அவரவர் ஓய்வு பெறும் மாதத்துக்குரிய விகிதத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அவருடைய ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது கடைசி 10 மாதச் சராசரியில் பாதி, இரண்டில் எது கூடுதலோ அது. ஆகவே 20,000 ரூபாய். இதற்குக் குறைந்தது 10 ஆண்டு தகுதிப் பணிக்காலம் வேண்டும். தகுதிப் பணிக்காலம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மருத்துவச் சான்றில்லாமல் எடுத்த சம்பளமில்லா விடுப்பு போன்றவை அதிலிருந்து கழிந்துவிடும். 33 ஆண்டுகள் வேலை பார்த்ததாக நினைத்திருப்பவர், பணிப்பதிவேட்டில் 31 ஆண்டுகள் இருப்பதைக் கடைசி மாதத்தில் பார்த்துத் திகைப்பது நடக்கக்கூடியதே.

அடுத்தது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. ஒவ்வோர் அரையாண்டுப் பணிக்கும் கால் மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் பதினாறரை மாதச் சம்பளம் கிடைக்கும். இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்தது. நம் எடுத்துக்காட்டில் 60,000 ரூபாயைப் பதினாறரையால் பெருக்கினால் 9,90,000 ரூபாய். பணிக்கொடையின் உச்சவரம்பு 2024 ஜனவரி முதல் 25 லட்சம் ரூபாய். என்.பி.எஸ். ஊழியர்களுக்கும் பணிக்கொடை உண்டு. அவர்களுக்கு இல்லை என்று சொல்வது தவறு.

எடுக்காமல் சேர்த்து வைத்த விடுப்புக்கு, அதிகபட்சம் 300 நாள்களுக்குச் சம்பளமாகப் பணம் கிடைக்கும். 300 நாளும் இருந்தால் நம் எடுத்துக்காட்டில் 6 லட்சம் ரூபாய். இதனுடன் வைப்பு நிதியும் குழுக் காப்பீட்டுத் தொகையும் வந்து சேரும்.

எல்லோரையும் குழப்புவது கம்யூட்டேஷன். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மொத்தத் தொகையை முன்பே பெற்றுக்கொள்வதுதான் இது. அதிகபட்சம் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கலாம். நம் எடுத்துக்காட்டில் 20,000 ரூபாயில் 40 சதவீதம் 8,000 ரூபாய். அதை 12 மாதங்களால் பெருக்கி, 60 வயதில் ஓய்வு பெறுகிறவருக்கு உரிய 8.194 என்ற எண்ணாலும் பெருக்கினால் 7,86,624 ரூபாய் கைக்கு வரும். அதன்பின் மாதந்தோறும் 20,000-க்குப் பதிலாக 12,000 ரூபாய்தான் அடிப்படை ஓய்வூதியமாக வரும். 15 ஆண்டுகள் கழித்து முழு ஓய்வூதியமும் திரும்பிவிடும். இதில் பலரும் அறியாத நல்ல செய்திகள் இரண்டு. ஓய்வூதியருக்கு அகவிலைப்படிக்கு ஈடாக வரும் அகவிலை நிவாரணம், குறைந்த தொகையின் மீதன்றி, முழு 20,000 ரூபாய் மீதே கணக்கிடப்படும். ஆகவே அகவிலை விகிதம் 50 சதவீதமாக இருக்கும் மாதத்தில் அவர் கைக்கு 12,000-மும் 10,000-மும் சேர்ந்து 22,000 ரூபாய் வரும். அடுத்தது, கம்யூட்டேஷன் பெற்றவர் 15 ஆண்டுகளுக்குள் இறந்துவிட்டாலும் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள். மகள் திருமணத்துக்காக மொத்தப் பணம் வாங்கிவிட்டோமே, எனக்குப் பின் அது என் மனைவிக்குக் கடனாக நின்றுவிடுமோ என்று கலங்கிய பெரியவர் ஒருவருக்கு, இதை நான் மூன்று முறை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்குப் பின்

குடும்ப ஓய்வூதியத்தைப் பற்றி நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், இதைக் கேட்டு வாங்க வேண்டியவர் பெரும்பாலும் அலுவலகப் படியேறிப் பழக்கமில்லாத ஒரு பெண்ணாகவும், அவர் அதைக் கேட்க வேண்டிய நேரம் அவர் வாழ்க்கையிலேயே மிகக் கடினமான நேரமாகவும் இருக்கிறது.

பழைய திட்டத்தில் வழக்கமான குடும்ப ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். நம் எடுத்துக்காட்டில் 12,000 ரூபாய். மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாது. அகவிலை நிவாரணம் தனியாகச் சேரும். ஆனால் முதலில் சில ஆண்டுகளுக்கு, கூடுதல் விகிதமாகிய 50 சதவீதம் தரப்படுகிறது. ஊழியர் பணியில் இருக்கும்போதே இறந்தால் 10 ஆண்டுகளுக்கு இந்தக் கூடுதல் விகிதம் உண்டு. ஓய்வு பெற்ற பின் இறந்தால், இறந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள் அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை உண்டு. என் அப்பா 69 வயதில் இறந்ததால் அம்மாவுக்கு முதல் மாதத்திலிருந்தே 30 சதவீதம்தான் வந்தது. இந்த விதி தெரியாததால், அப்பாவின் ஓய்வூதியத்தை விடக் குறைத்துத் தருகிறார்களே என்று அம்மா வெகுநாள் மனம் வருந்தினார்.

பணியில் இருக்கும்போது இறப்பு நேர்ந்தால் பணிக்கொடையும் வேறு கணக்கில் வரும். 11 ஆண்டுகள் முடித்து 20 ஆண்டுகள் நிறையாதவர் இறந்தால் 20 மாதச் சம்பளம் குடும்பத்துக்குக் கிடைக்கும். பணியின்போது நேரும் விபத்தில் இறந்தால் இவற்றோடு 25 லட்சம் ரூபாய் கருணைத் தொகையும் உண்டு. வாரிசு வேலைக்கான விண்ணப்பத்தைத் தனியே கொடுக்க வேண்டும்.

துணைவர் இல்லாத நிலையில், 25 வயது வரை அல்லது திருமணம் ஆகும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை பிள்ளைகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் செல்லும். தானே பிழைத்துக்கொள்ள இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் உண்டு. திருமணமாகாத, கணவனை இழந்த, மணவிலக்குப் பெற்ற மகள்களும் வருமான வரம்புக்கு உட்பட்டு, 25 வயதுக்குப் பிறகும் பெறலாம். ஆனால் கணவனின் இறப்போ மணவிலக்கு வழக்கோ, பெற்றோரில் ஒருவரேனும் உயிருடன் இருக்கும்போதே நிகழ்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவு உரிமைகளும் ஒரு காகிதத்தில் உள்ள எழுத்துகளைச் சார்ந்து நிற்கின்றன. அந்தக் காகிதத்தின் பெயர் ஓய்வூதிய ஆணை, பி.பி.ஓ. என்றால்தான் எல்லோருக்கும் புரியும். எங்கள் வீட்டில் அது ஒரு மஞ்சள் பைக்குள், ரேஷன் அட்டையோடும் அப்பாவின் பழைய பாஸ் புத்தகத்தோடும் இருந்தது. மடித்து மடித்து, நடுமடிப்பில் மை அழிந்துபோயிருந்தது; அந்த மடிப்பில்தான் அம்மாவின் பெயர் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அம்மாவின் ஆவணங்களில் இருக்கும் பெயர் அதில் இல்லை. அப்பா வீட்டில் அழைத்த செல்லப் பெயர் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குடும்ப விவரம் கேட்டபோது அவர் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். நாற்பது ஆண்டுகள் அது பதிவேட்டில் அப்படியே இருந்துவிட்டது. பிறந்த தேதி எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க, எட்டு மாதங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தோம். 2007 நவம்பர் 1 அன்று சேலம் கோட்டம் உருவாவதற்கு முன் இந்தப் பகுதி பாலக்காடு கோட்டத்தில் இருந்ததால், அப்பாவின் ஆணையும் அங்கிருந்துதான் வழங்கப்பட்டிருந்தது. ஓர் அலுவலகத்தில் இந்தக் கோப்பு இங்கே இல்லை என்றார்கள்; அடுத்த இடத்தில் முதலில் போன இடத்துக்கே போகச் சொன்னார்கள். அந்த எட்டு மாதமும் அம்மாவின் கைச்செலவுக்கு நாங்கள் இருந்தோம். பிள்ளைகள் அருகில் இல்லாத ஒரு பெண் என்ன செய்திருப்பார் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே, பணியில் இருப்பவர்கள் ஓய்வுக்கு ஓராண்டு முன்பாவது பணிப்பதிவேட்டைக் கேட்டுப் பார்த்து, மனைவியின் பெயர், பிறந்த தேதி, பிள்ளைகளின் விவரம் ஆகியவை ஆதார் அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், பெற்றோர் இருக்கும்போதே அந்தப் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்த்துவிட வேண்டும். மனைவியின் பெயர் ஆணையில் சரியாக இருந்தால், கணவன் இறந்தபின் இறப்புச் சான்றிதழோடும் அடையாள ஆவணங்களோடும் ஓய்வூதியம் வரும் வங்கிக்கே போய், குடும்ப ஓய்வூதியத்தைத் தொடங்கச் சொல்லலாம். இறப்பை வங்கிக்கு உடனே தெரிவிப்பதும் அவசியம்; தெரிவிக்காத மாதங்களில் கணக்கில் விழுந்த பணத்தைப் பின்னர் திரும்பப் பிடிப்பார்கள்.

மருத்துவ அட்டை

ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியருக்கு மருத்துவ வசதி தானாகவே தொடர்வதில்லை; அதற்கான திட்டத்தில் சேர வேண்டும். ஆர்.இ.எல்.எச்.எஸ். என்று அழைக்கப்படும் இத்திட்டம், இப்போதைய தாராள வடிவத்தில் 1997 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் பணி முடித்து ஓய்வு பெறுகிறவர்கள் இதில் சேரலாம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, கடைசி மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேற்படாத ஒரு தொகையைச் செலுத்தினால் போதும். கணவன், மனைவி இருவருக்கும், விதிகளின்படி சார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் ரயில்வே மருத்துவமனைகளில் சிகிச்சை தொடரும். பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவியும் சேரலாம். என்.பி.எஸ். ஊழியர்களுக்கும் இது பொருந்தும். அந்த ஒருமுறைத் தொகையைக் கண்டு, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்களை நான் அறிவேன். 60 வயதுக்கு மேற்பட்ட இருவருக்கு வெளியே எடுக்கும் மருத்துவக் காப்பீட்டின் ஓராண்டுக் கட்டணத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தாலே எது லாபம் என்பது விளங்கும்.

இப்போது குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி எண் கொண்ட யுமிட் அட்டை வழங்கப்படுகிறது. இதற்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். இந்த எண்ணைக் கொண்டு எந்த ஊரில் உள்ள ரயில்வே மருத்துவமனைக்கும் போகலாம். சேலம் ஜங்ஷன் அருகே உள்ள ரயில்வே மருத்துவமனையில் வாய்ப்பில்லாத சிகிச்சைக்கு, சென்னை பெரம்பூரில் உள்ள தெற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவமனைக்கோ, ரயில்வேயோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் மருத்துவமனைக்கோ பரிந்துரைத்து அனுப்புவார்கள். இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை 1975-இல் அந்தப் பெரம்பூர் மருத்துவமனையில்தான் நடந்தது என்பதை நம் குடும்பங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நாமாகத் தனியார் மருத்துவமனைக்குப் போனால், உண்மையான அவசரநிலை என்பதை நிறுவினால் மட்டுமே செலவைத் திரும்பக் கேட்க முடியும். ஆகவே அவசரச் சேர்க்கையின்போது நோயாளி எந்த நிலையில் கொண்டுவரப்பட்டார் என்று எழுதிய சான்றை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால் வசிப்பவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. வெளிநோயாளியாக வந்து மருந்து வாங்குவதை விட்டுக்கொடுத்தால், மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப்படியாகப் பெறலாம். படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சை அப்படியே தொடரும். ஏற்காட்டில் குடியிருக்கும் ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். மலையில் ரயிலும் இல்லை, ரயில்வே மருத்துவமனையும் இல்லை. ஒரு மாத்திரைப் பட்டைக்காக 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் இறங்கி, ஜங்ஷன் போய், வரிசையில் நின்று, மாலைக்குள் மலையேற வேண்டும். பெரிய நோய் எதுவும் இல்லாதவருக்கு அந்த 1,000 ரூபாய் நியாயமான தேர்வு. ஆனால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருவருக்கும் இருந்து, மாதந்தோறும் இன்சுலின் வாங்க வேண்டியிருந்தால் அந்தத் தொகை பத்து நாளுக்குக்கூடப் போதாது; மாதம் ஒருமுறை மலையிறங்கி வருவதே மேல். அக்கம்பக்கத்தார் எதை வாங்குகிறார்கள் என்று பார்க்காமல், தம் வீட்டு மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

இலவசப் பயண பாஸ், பணிக்காலத்தையும் பதவியையும் பொறுத்து ஓய்வுக்குப் பின்னும் தொடர்கிறது; ஊழியரின் காலத்துக்குப் பின் மனைவிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

ஓய்வூதியர் 80 வயதை எட்டும்போது அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் 100 சதவீதம் என்று அது உயர்ந்துகொண்டே போகும். குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் இதே கணக்குதான். பி.பி.ஓ.வில் அவருடைய பிறந்த தேதி இல்லையென்றால் 80 வயது ஆனதை வங்கி எப்படி அறியும்? அந்த எட்டு மாத அலைச்சலில் பெயரோடு அம்மாவின் பிறந்த தேதியையும் சேர்த்துப் பதியச் செய்தோம். இப்போது அவருக்கு 78 வயது.

ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். முன்பு அம்மா வங்கியில் பாதி நாள் காத்திருப்பார். இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். சென்ற நவம்பரில் திண்ணையில் வெளிச்சம் விழும் பக்கமாக நாற்காலியைப் போட்டு, என் மகன் கைப்பேசியைப் பிடித்தான். திரையில் கண்ணைச் சிமிட்டச் சொல்லிக் கேட்டது. அம்மா ஒரு கணம் தயங்கி, இரண்டு கண்களையும் இறுக மூடித் திறந்தார். சிறிது நேரத்தில் சான்றிதழ் எண் குறுஞ்செய்தியாக வந்தது. அதை நாட்காட்டியின் பின்பக்கம், சென்ற ஆண்டு எண்ணுக்குக் கீழே அம்மாவே எழுதி வைத்தார்.